புதிது வாங்கும் முன்: அறிகுறி பார்த்து போனும் கணினியும் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

"எந்த போன் வாங்கலாம்?", "நல்ல லேப்டாப் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது கையில் இருப்பது என்ன தகராறு செய்கிறது? பட்ஜெட், பிராண்ட் எல்லாம் அதற்கப்புறம். தகராறு எதுவென்று தெரியாமல் புதிது வாங்கினால் தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதையாகிவிடும். மெதுவான ஹார்ட் டிஸ்க்கால் அவதிப்பட்டவர் பெரிய திரையுள்ள லேப்டாப்பை வாங்குவார். பேட்டரி தேய்ந்துபோனவர் 200 மெகாபிக்சல் கேமரா போனோடு வீடு திரும்புவார்.

அதனால் அறிகுறி வாரியாகப் போவோம். முதலில் எங்கே பார்க்க வேண்டும், இருப்பதையே சரிசெய்ய முடியுமா, முடியாவிட்டால் புதியதில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்ற வரிசையில் படியுங்கள். சரிசெய்து தீர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாங்காமல் விடுவதும் நல்ல தேர்வுதான்.

எதைத் தொடுவதற்கு முன்பும் படங்கள், ஆவணங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் வேறொரு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்றால் மற்ற சோதனை எதுவும் வேண்டாம். நகல் எடுப்பது ஒன்றுதான் அப்போது வேலை.

கணினி எழுந்து உட்காரவே பல நிமிடம் ஆகிறது

சுவிட்சைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? விண்டோஸ் கணினி என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்துக்குப் போனால் இடது ஓரத்தில் சிபியு (பிராசசர்), மெமரி, டிஸ்க் என்று சின்னச் சின்ன வரைபடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். சிபியு 10 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே அப்பிக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். டிஸ்க் என்ற பெயருக்குக் கீழேயே அது எச்டிடியா (ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா (சில்லில் சேமிக்கும் வகை) என்றும் எழுதியிருக்கும்.

எச்டிடி என்றிருந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுழல வேண்டும், ஊசி போன்ற தலை நகர்ந்து சரியான இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறைய 10 மில்லிநொடி ஆகும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. அதே தேடல் 0.1 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்கிறது என்பதால் இந்த நூறு மடங்கு வித்தியாசம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். பல வருடப் பழைய கணினிகூட எஸ்எஸ்டி மாற்றியதும் வேறு கணினி மாதிரி நடந்துகொள்ளும். கணினிப் பழுதில் நான் முதலில் சிபாரிசு செய்வது எப்போதும் இதைத்தான்.

எஸ்எஸ்டி இருந்தும் மெதுவாக எழுகிறதா? டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். கணினி எழும்போது கூடவே எழும் நிரல்களின் பட்டியல் அங்கே இருக்கும். பிரிண்டர் உதவியாளர், விளையாட்டுக் கடை, எப்போதோ ஒருமுறை பேசிய வீடியோ அழைப்புச் செயலி என்று வேண்டாதவற்றையெல்லாம் 'டிசேபிள்' செய்யுங்கள். வைரஸ் தடுப்பு நிரல் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று கண்காணித்தே கணினியைத் தின்றுவிடும்.

புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால்: எஸ்எஸ்டி இல்லாத கணினியை இன்று எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சாட்டா வகை எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை படிக்கும். என்விஎம்இ வகை பல ஆயிரம் எம்பி படிக்கும். கேட்கப் பிரமாதமாக இருந்தாலும் மின்னஞ்சலுக்கும் கட்டுரை எழுதுவதற்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய வேறுபாடு தெரியாது. இதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஆனால் மலிவு லேப்டாப்களில் 'இஎம்எம்சி 64 ஜிபி' என்று போட்டிருந்தால் உஷார். அது கணினியின் மூலப் பலகையிலேயே (மதர்போர்டு) பற்றவைக்கப்பட்ட சேமிப்பு, பின்னால் மாற்ற வழியில்லை. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே அந்த 64 ஜிபியில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

நன்றாகத்தான் எழுகிறது, நாலைந்து வேலை சேர்ந்தால் திணறுகிறது

இது பெரும்பாலும் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகத்தின் பற்றாக்குறை. பிரவுசரில் பதினைந்து டேப், ஒரு வீடியோ அழைப்பு, ஒரு எக்செல் கோப்பு எல்லாம் திறந்த நிலையில் டாஸ்க் மேனேஜரின் 'மெமரி'யைப் பாருங்கள். 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால், இடம் போதாமல் கணினி தகவல்களை டிஸ்க்குக்கு அனுப்பித் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திணறல் அதனால்தான்.

அதே பக்கத்தில் கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி இருக்கும். '2-ல் 1' என்று காட்டினால் ஒரு ரேம் செருகும் இடம் காலியாக இருக்கிறது. இன்னொரு ரேம் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. இரண்டு ரேம் ஜோடியாக ஓடும்போது, தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் படக்காட்சி வேகமும் கூடும். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கணினியில் காலி ஸ்லாட் தனியாக இருந்தால் ஒழிய கூட்ட முடியாது.

மெல்லிய லேப்டாப் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கே செல்லாது. வாங்கும் அன்று இருக்கும் ரேம்தான் கடைசி வரைக்கும். எழுதுவது, படிப்பது, இணையம் பார்ப்பது மட்டும் என்றால் 8 ஜிபி இப்போதைக்கு ஓடும். ஐந்தாறு வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், ரேமும் பற்றவைத்தது என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். பிராசசரில் ஒரு படி இறங்கி ரேமில் ஒரு படி ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு லாபம்.

பிராசசர் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஐ7' என்றாலே உயர்ந்தது என்று நினைக்கிறோம். இன்டெலின் ஐ7-7500யு லேப்டாப் பிராசசரில் இருந்தது 2 கோர் (கணக்குப் போடும் மையம்) மட்டும்தான். அதற்கு அடுத்த தலைமுறையில், 2017-ல் வந்த ஐ5-8250யுவில் 4 கோர். பெயரில் ஐ5, வேலையில் அதுதான் கெட்டி. பழைய தலைமுறை ஐ7-ஐப் பெயருக்காக வாங்குவதைவிடப் புதிய தலைமுறை ஐ5, ஏன் ஐ3கூட நல்ல முடிவாக இருக்கும்.

விசிறி இரைகிறது, மடி சுடுகிறது

காற்றுப் போகும் துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்கிறீர்களா? துளை மூடிப்போகும். சூடு ஏறியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுக்கிறது' என்பது இந்த நோயின் தனி அடையாளம். சுத்தம் செய்து, பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

வாங்குவதானால் பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் யு என்று முடிபவை சுமார் 15 வாட் அளவில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டவை, எச் என்று முடிபவை சுமார் 45 வாட். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு எச் வேண்டும். கட்டுரை எழுதுபவருக்கு அது தேவையில்லாத சூடு, தேவையில்லாத எடை. பேட்டரியும் சீக்கிரம் காலியாகும்.

விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டினால் எந்தத் தேவை குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும். 'டிபிஎம் இல்லை' என்று மட்டும் வந்தால் கணினியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல கணினிகளில் அது இருக்கும், பயாஸ் (விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை அமைப்பு) பகுதியில் அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்டெல் கணினியில் பிடிடி என்றும், ஏஎம்டி கணினியில் எஃப்டிபிஎம் என்றும் அது இருக்கும். இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

பிராசசரே பழையது என்றால், இணையமும் எழுத்துவேலையும்தான் உங்கள் தேவை என்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டுப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பதை அழிக்க வேண்டியதில்லை. வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு மூன்றும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளோ அலுவலக மென்பொருளோ உங்களுக்குக் கட்டாயம் என்றால் இந்த வழி ஒத்துவராது. அப்போது புதிது வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

போன்: காலையில் நூறு, மதியத்தில் இருபது

செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து எந்தச் செயலி எவ்வளவு குடித்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் திறக்கவே திறக்காத ஒன்று மேலே நின்றால் அதன் பின்னணி இயக்கத்தை நிறுத்துங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் நாள் முழுக்க இருப்பவரா? டவரைப் பிடிக்க போன் கூடுதல் சக்தியைச் செலவிடும், எந்தப் புதிய போனும் அங்கே கொஞ்சம் சீக்கிரம்தான் காலியாகும். வைஃபை வழியாக அழைப்பு பேசும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

செயலியும் சிக்னலும் சரி என்றால் பேட்டரியே தேய்ந்திருக்கும். லித்தியம்-அயான் பேட்டரி ஒவ்வொரு சார்ஜ் சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவை இழக்கும். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதமும், ஐபோன் 15 முதல் 1000 சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதமும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. தேய்ந்த பேட்டரி நேரத்தை மட்டுமல்ல, வேகத்தையும் பாதிக்கலாம். திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, பேட்டரி நலிந்த ஐபோன்களில் வேகத்தைக் குறைக்கிறோம் என்று 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆக, 'போன் ஸ்லோவாகிவிட்டது' என்று புதிது வாங்கப் போகிற சிலருக்கு வேண்டியது ஒரு பேட்டரி மட்டும்தான்.

பின்மூடி லேசாக உப்பியிருக்கிறதா, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறதா? உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கும்படி வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

சார்ஜே ஏறவில்லை, அல்லது பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஏறுகிறது

முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து அடாப்டரை. பிறகு போனை அணைத்து, துளையை வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பையின் நூல்தூசி அங்கே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அடித்தளத்துக்கு இடிக்கப்பட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டியான படலமாக மாறியிருக்கும். பார்த்தால் அது துளையின் அடிப்பகுதி என்றே தோன்றும். கேபிள் கடைசி வரை போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்பதிலிருந்துதான் பிடிபடும். மரத்தால் ஆன பல்குச்சியால் ஓரமாக மெதுவாகக் கிளறி எடுங்கள். குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கும் இணைப்பு முனைகள் வளைந்துவிடும்.

கேபிள் வாங்கும்போதும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பார்க்க எல்லா யுஎஸ்பி-சி கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இருபக்கமும் சி முனை உள்ள சாதாரண கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும், அதற்கு மேல் உள்ளே அடையாளச் சில்லு உள்ள கேபிள் வேண்டும். லேப்டாப்புக்குப் போன் கேபிளைப் போட்டுவிட்டு 'ஸ்லோ சார்ஜர்' என்று செய்தி வருகிறது என்பவர்கள் இதைப் பாருங்கள்.

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிறது, தொட்டால் நிதானமாக யோசிக்கிறது

இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சேமிப்பிடம் விளிம்பு வரை நிரம்பினால் எழுதுவதற்கு இடம் தேடி போன் தள்ளாடும். பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்தால் எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும். காலை வணக்கப் படங்களும் பலமுறை அனுப்பப்பட்ட வீடியோக்களும் அங்கேதான் ஜிபி கணக்கில் குவிந்திருக்கும். அழித்துவிட்டு, தானாகப் பதிவிறக்கும் வசதியையும் அணையுங்கள்.

இடம் இருந்தும் மெதுவாக இருந்தால் ஆண்ட்ராய்டில் 'சேஃப் மோட்' பாருங்கள். திரையில் வரும் 'பவர் ஆஃப்' என்ற பொத்தானை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வரும். நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் அதில் ஓடாது. அங்கே வேகமாக இருக்கிறதென்றால் குற்றம் போனில் இல்லை, ஏதோ ஒரு செயலியில். சமீபத்தில் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி வாருங்கள்.

புதியதில் பார்க்க வேண்டியது: சேமிப்பு எத்தனை ஜிபி என்பதோடு அது எந்த வகை என்பதும். யுஎஃப்எஸ் என்ற வேகமான வகை என்றிருந்தால் நல்லது. இஎம்எம்சி என்றிருந்தால் இரண்டாம் வருடமே பொறுமையைச் சோதிக்கும். '8 + 8 ஜிபி ரேம்' என்ற விளம்பரத்தில் இரண்டாவது 8 ரேமே அல்ல. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

வங்கிச் செயலி 'இந்த போனில் இயங்காது' என்கிறது

செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பையும், 'செக்யூரிட்டி பேட்ச்' தேதியையும் பாருங்கள். அப்டேட் காத்திருந்தால் போடுங்கள். தேதி பல ஆண்டுகள் பழையது, புதிய அப்டேட்டும் இல்லை என்றால் நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது. வன்பொருள் நன்றாக இருந்தாலும் பணப் பரிமாற்றத்துக்கு அந்த போன் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பாட்டுக் கேட்கவும் அலாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நெடுநாள் வைத்திருக்கப் போகிறவர்கள் கேமராவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை ஆண்டு அப்டேட் என்பது. 2023-ல் வந்த பிக்சல் 8-க்கும் 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் அந்த இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

இருட்டில் படம் கலங்குகிறது

லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், விரல் ரேகை எண்ணெய்தான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. துடைத்தும் கலங்கினால் மெகாபிக்சல் எண்ணைத் தேடிப் போகாதீர்கள். 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு நான்கு பிக்சல்களாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. சென்சாரின் அளவும் ஓஐஎஸ் எனப்படும் நடுக்கம் தாங்கும் வசதியும்தான் இருட்டில் உதவும். அதுவும் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், ஓடும் குழந்தையை நிறுத்தி வைக்காது. 2 மெகாபிக்சல் 'மேக்ரோ', 'டெப்த்' லென்ஸ்கள் எண்ணிக்கைக்காக ஒட்டப்பட்டவை.

எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது

காதில் வைக்கும் சல்லடைத் துளையை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். திரைக்கு ஒட்டிய கண்ணாடி அந்தத் துளையை மறைக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

கண் எரிகிறது, எழுத்து தெரியவில்லை

முதியவர்களுக்குப் பெரிய போன் வாங்கித் தருவதற்கு முன் எழுத்தளவையும் காட்சியளவையும் கூட்டி ஒரு வாரம் பயன்படுத்தச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும் என்பதால் இரண்டு படி கூட்டினாலே படிப்பது நிம்மதியாகும். குறைந்த வெளிச்சத்தில் ஓலெட் திரை சிலருக்குத் தலைவலி தரும். வெளிச்சத்தைக் குறைக்க அந்தத் திரைகளில் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. உங்களுக்கு அப்படி ஆகிறது என்றால் எல்சிடி திரையோ, இந்த அணைந்து எரியும் வேகம் அதிகமாக உள்ள மாடலோ தேடுங்கள்.

லேப்டாப்பில் 1366×768 திரையை இனி வாங்காதீர்கள். 1920×1080 இருக்கட்டும். வெளிச்ச அளவு 250 நிட்ஸ் என்றால் சன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது.

கருவியில் பழுதே இல்லை, ஆனாலும் வேலை நடக்கவில்லை

இந்த அறிகுறியைத்தான் யாரும் சொல்வதில்லை. போனில் நீண்ட கட்டுரை தட்டச்சு செய்து கழுத்து வலிக்கிறவருக்கு இன்னும் விலை உயர்ந்த போன் விடிவாகாது. ஒரு புளூடூத் விசைப்பலகையும் போனை நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும் வாங்கிக் கொடுங்கள். அதிலேயே தீர்ந்தால் நல்லது. தீராவிட்டால் அவருக்கு வேண்டியது லேப்டாப். படிக்கவும் பாடம் பார்க்கவும் மட்டும் என்றால் டேப்லெட் போதும், ஆனால் நிரல் எழுதக் கற்கும் மாணவருக்கு டேப்லெட் வாங்கித் தந்து முடக்கிவிடாதீர்கள். எப்போதும் ஒரே மேசையில் வேலை செய்பவர் லேப்டாப் வாங்குவதும் தேவையில்லை. அதே காசுக்கு மேசைக் கணினி கூடுதல் வேகம் தரும், பாகங்களையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். தினமும் சுமந்து போகிறவர் எடையை முதலில் பார்க்கட்டும். 1.3 கிலோவுக்கும் 2.2 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் கடையில் தெரியாது, மாலையில் தோளில் தெரியும்.

விண்டோஸ் ஓடும் ஆர்ம் வகை (இன்டெல், ஏஎம்டிக்குப் பதிலாகப் போன்களில் இருப்பது போன்ற பிராசசர் உள்ள) லேப்டாப்கள் பேட்டரியில் நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் உங்களிடம் பழைய பிரிண்டரோ ஸ்கேனரோ இருந்தால், அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இந்த வகைக்குக் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

முடிவு செய்தாயிற்று, பயன்படுத்தியதை வாங்குகிறேன் என்றால்

போனில் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அவரை வைத்துக்கொண்டே பாருங்கள். நீக்காமல் அழித்துத் தந்தால் அந்த போன் உங்களைப் பழைய கடவுச்சொல் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். ஒரு அழைப்பு பேசுங்கள், இரண்டு கேமராவிலும் படம் எடுங்கள், சார்ஜ் போட்டுப் பாருங்கள், திரை முழுதும் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து கறை இருக்கிறதா என்று நோக்குங்கள். லேப்டாப் என்றால் எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டி, மூடியைத் திறந்து மூடி, சார்ஜரைக் கழற்றிவிட்டு கால் மணி நேரம் ஒரு வீடியோ ஓட விடுங்கள். அதற்குள் பேட்டரி எத்தனை சதவீதம் இறங்கியது, விசிறி எப்படிக் கத்தியது என்பதைக் குறித்துக்கொண்ட பிறகு விலை பேசுங்கள்.